ஆகஸ்ட் 9, இரண்டாம் முறை

ஜூலை 21

இந்த டைரியில் ஒரு பிழை இருக்கிறது. என்ன பிழை என்று எனக்குத் தெரியாது. போன வருஷம் எங்கள் அச்சகத்தில் ஓடியது. பைண்டிங் மேஜைக்கு அடியில் கழிவு என்று தள்ளி வைத்திருந்த கட்டிலிருந்து எடுத்து வந்தேன். கழித்தவர் காரணம் எழுதி வைக்கவில்லை. ஜனவரியைப் பார்த்தேன், பிப்ரவரியைப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. முப்பத்தொரு வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறவன் கையிலேயே ஒரு பிழை ஒளிந்து விளையாடுகிறது. இருக்கட்டும். எழுதிக்கொண்டே போனால் ஒரு நாள் தானாக எதிரே வந்து நிற்கும்.

எழுதக் காரணம் என் தம்பி காசிலிங்கம். அதே அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறான். நான் தவசிலிங்கம். மனைவி போன பிறகு அவன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், சாப்பாடு கீழே. சிவகாசியில் எங்கள் தெருவில் யாரும் எங்களைத் தனித்தனியாகச் சொன்னதில்லை, 'லிங்கம் பிரதர்ஸ்'தான். முகமும் அப்படி. எனக்கும் அவனுக்கும் இரண்டு வயது வித்தியாசம். வழுக்கைகூட ஒரே இடத்தில்தான் தொடங்கியது.

காசிக்கு ஈரலில் புற்றுநோய். மதுரையில் சொன்னார்கள். கட்டி இருக்கிற இடத்தில் கத்தி வைக்க முடியாதாம், மாத்திரைதானாம். எழுதினால் விஷயம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை.

ஜூலை 28

காசி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான். அவன் மனைவி மாரீஸ்வரி மாடிப்படி ஏறி வந்து, "அத்தான், இன்னிக்கு ஆறு!" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் இப்படிச் சிரித்துப் பத்து நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 2

மதுரை. டாக்டர் ரெபேக்கா பொறுமையாகப் பேசுகிறவர். மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மாத்திரை ஒண்ணுதான். ஆனா எல்லா உடம்பும் அதை ஒரே மாதிரி எடுத்துக்காது. சிலருக்கு ஈரல் அதை வேகமா உடைச்சு வெளியேத்திடும். அவங்களுக்கு முழு அளவு குடுத்தாத்தான் கட்டிக்கு எட்டும். சிலருக்கு மெதுவா உடையும். உள்ளயே தேங்கிட்டே போகும். அவங்களுக்கு அதே அளவு குடுத்தா மருந்தே விஷமாயிடும்."

"இவரு எந்த ரகம்னு எப்படி டாக்டர் தெரியும்?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

"அதுக்குப் பல காரணம் இருக்கும்மா. ஒரு காரணம் ஜீன். அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது. எங்க துறையில அதைப் பத்தி ஒரு ஆராய்ச்சி நடக்குது. நீங்க சேர்ந்தீங்கன்னா ரத்தத்துல அதைப் பார்த்துட்டு அளவை முடிவு பண்றேன்."

காசிக்கு எங்கேயும் வாய் சும்மா இருக்காது. "எங்கப்பாகிட்ட இருந்து வந்தது ஒரு சைக்கிளும் ஒரு கோபமும்தான் டாக்டர். சைக்கிள் எனக்கு வந்துச்சு. கோபம் அண்ணனுக்குப் போயிருச்சு" என்றான். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்பா அம்மாவிடமிருந்து வருவது. அதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9

மதுரை போய் வந்தோம். ரத்தம் கொடுத்தாயிற்று. மூன்று குழாய். திரும்பும்போது பஸ்ஸில் மூவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. திருமங்கலம் தாண்டியதுமே காசி தூங்கிவிட்டான். வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 11

குளிக்கும்போது முழங்கை மடிப்பில் சோப்பு பட்டு எரிந்தது. கத்திரிப்பூ நிறத்தில் கன்றியிருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். "என்னண்ணாச்சி, இந்த வெயில்ல முழுக்கை? பொண்ணு பாக்கப் போறீகளா?" என்று பைண்டிங்கில் கேலி. சிரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 27

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஏழு பக்கம். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே டாக்டருக்கு முகம் தெளிந்துவிட்டது. "நல்ல செய்தி. உங்க உடம்பு இதை வேகமா உடைக்கிற ரகம். முழு அளவு தாங்கும்." காலையில் இரண்டு மாத்திரை, சாயங்காலம் இரண்டு.

பஸ்ஸில் வரும்போது ரிப்போர்ட்டை மூன்று தடவை ப்ரூஃப் பார்த்தேன். பெயர் சரி. அப்பா பெயர் சரி. வயது சரி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

செப்டம்பர் 5

பத்து நாள். ஒரு தொந்தரவும் இல்லை. நான் அப்போதே நினைத்தேன், இதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று.

செப்டம்பர் 9

காசியின் உள்ளங்கை சிவந்திருக்கிறது. அரைத்த மிளகாயில் கையை வைத்த மாதிரி எரிகிறதாம். பாதமும் அப்படியே. மாரீஸ்வரி மருதாணி அரைத்து இரண்டு கைக்கும் காலுக்கும் அப்பி விட்டாள். "கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு வைக்கலடி" என்றான் காசி. சிரித்தோம்.

அடுத்த வருஷ டைரிக்கு ப்ரூஃப் வந்துவிட்டது. ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்க்கிறேன். மே மாதத்தில் காசியின் பிறந்தநாள் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. அது சரியான தேதிதான். விரலை எடுக்கத்தான் நேரமாயிற்று.

செப்டம்பர் 13

காசிக்குக் குரல் கட்டிவிட்டது. கட்டிவிட்டது என்று சொல்வதும் சரியில்லை. வேறு ஒருவர் குரல் வந்து உட்கார்ந்திருக்கிறது, கரகரவென்று. மருந்துக்கு இப்படி ஆகும் என்று அவர்கள் கொடுத்த தாளில் இருக்கிறது. பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுத்தாள் மாரீஸ்வரி. பிரயோஜனமில்லை.

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் ஹரிணி போன் செய்தாள். காசி எடுத்து, "சொல்லுடா கண்ணு" என்றான்.

"யாரு பேசுறது? அப்பாகிட்ட குடுங்க."

காசி போனை என்னிடம் நீட்டினான். நான் "ஹலோ" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"அப்பா! இப்பத்தான் யாரோ எடுத்தாங்கப்பா, பயந்துட்டேன்."

நான் பெரியப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். காசி எதிரே உட்கார்ந்து, சொல்லாதே என்று கையைக் காட்டினான். சிவந்த கை. அவன் மகளிடம் ஐந்து நிமிஷம் அவனாகப் பேசினேன். நன்றாகவே வந்தது. அவன் இருமுவதற்கு முன்னால் 'ம்' என்று ஒரு சத்தம் கொடுப்பான், அதுகூட வந்தது.

செப்டம்பர் 16

ஆராய்ச்சியிலிருந்து வாராவாரம் போன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இன்று வந்தது. காசிக்குக் குரல் இல்லையே, நான்தான் எடுத்தேன்.

"காசிலிங்கம்தானே?"

"ஆமாங்க."

"கை கால் எரிச்சல் இருக்கா சார்?"

"லேசா. தாங்கிக்கலாம்."

"மாத்திரையை விடாம சாப்பிடுறீங்கல்ல?"

"ஒரு வேளை விடலைங்க."

உண்மையைத்தான் சொன்னேன், ஒரு வேளையும் விடவில்லை. அளவைக் குறைத்துவிட்டால் கட்டி வளர்ந்துவிடும். ரிப்போர்ட் தாங்கும் என்கிறது. நடுவில் நான் ஏதாவது உளறி எல்லாவற்றையும் குழப்ப வேண்டாம்.

பேசி முடித்துத் திரும்பினால் காசி கட்டிலில் கண்ணைத் திறந்து படுத்திருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

செப்டம்பர் 20

சும்மா படுத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று காசி இன்று வேலைக்கு வந்தான். வாசலில் வருகைப் பதிவு மெஷினில் கட்டை விரலை வைத்தான். பொருந்தவில்லை என்றது. துடைத்துவிட்டு வைத்தான். பொருந்தவில்லை. ஆள்காட்டி விரல், இடது கை, எதற்கும் அதே பதில்.

வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, மெஷினு உங்களை ஆள் யாருன்னு தெரியலங்குது" என்றான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். காசி சிரிக்கவில்லை. தன் விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். முப்பது வருஷம் மை ஊறிய விரல். ரேகைக்குள் எப்போதும் ஒரு நீலம் இருக்கும், எந்தச் சோப்புக்கும் போனதில்லை. இப்போது அது நுனியில் தகடு தகடாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 23

காலையில் மாரீஸ்வரி கட்டிலுக்கடியில் பெருக்கும்போது கூப்பிட்டாள். முறத்தில் தோல். உள்ளங்கைத் தோல், குதிகால் தோல். அதில் கட்டை விரல் தோல் ஒன்று முழுசாக, கழற்றி வைத்த உறை போல இருந்தது. ரேகை அத்தனையும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் நீல மை. எங்கள் மெஷினில் இவ்வளவு சுத்தமாக எதையும் அச்சடித்ததில்லை.

"நான் போட்டுடறேன், குடு" என்று வாங்கிக்கொண்டேன். மாடிக்கு வந்ததும் போட மனசு வரவில்லை. காசியை அடையாளம் காட்டுகிற ஒன்று இப்போது அவனிடம் இல்லை, என் உள்ளங்கையில் இருக்கிறது. டைரியில் வைத்து மூடலாம் என்று எழுதாத பக்கமாகப் பார்த்துப் பின்னால் பிரித்தேன். நவம்பர் இருக்க வேண்டிய இடம்.

மேலே 'ஆகஸ்ட் 9' என்று இருந்தது.

இரண்டு தடவை பார்த்தேன். முன்னும் பின்னும் புரட்டினேன். அக்டோபர் 31 முடிந்ததும் ஜூலை 28 வருகிறது. அங்கிருந்து ஆகஸ்ட் 12 வரை பதினாறு பக்கம். அதற்குப் பிறகு நவம்பர் 17. நவம்பரின் முதல் பதினாறு பக்கம் அச்சான தாளுக்குப் பதிலாக, பழைய தாளையே இன்னொரு தடவை சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.

பிழை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். தோலை அந்தப் பக்கத்திலேயே வைத்து டைரியை மூடினேன்.

செப்டம்பர் 29

மாதாந்திரப் பரிசோதனைக்கு மதுரை. டாக்டர் காசியின் கையைப் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"ரிப்போர்ட்படி இவ்வளவு வரக்கூடாதே. போன்ல லேசா இருக்குன்னுதானே சொன்னீங்க? வேற ஏதாவது சாப்பிடுறாரா? நாட்டு மருந்து, கஷாயம்?"

மாரீஸ்வரி முந்தானையைக் கசக்கினாள். "கீழாநெல்லி... காலையில வெறும் வயித்துல... ஈரலுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு உருண்டைதான்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. "எதுவா இருந்தாலும் அதே ஈரல்தான்மா உடைக்கணும். எங்ககிட்ட கேக்காம எதையும் குடுக்காதீங்க. பத்து நாள் மாத்திரையை நிறுத்துவோம். கை ஆறினதும் மறுபடி முழு அளவு."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மாரீஸ்வரி அழுதாள். "நானே அவரைக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன் அத்தான். என் கையால அரைச்சு அரைச்சுக் குடுத்தேனே."

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

அதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதிவைக்கிறேன். ஏன் என்று இன்று எழுதவில்லை.

அக்டோபர் 9

கை ஆறிவிட்டது. புதுத் தோல், குழந்தைத் தோல் போல வழவழப்பு. ரேகை இல்லை. மாத்திரை மறுபடி ஆரம்பம். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. கொல்லையில் இருந்த கீழாநெல்லிச் செடி அத்தனையையும் மாரீஸ்வரி வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

அக்டோபர் 14

கீழாநெல்லி இல்லை. ஆனாலும் ஐந்தே நாளில் கை பழையபடி.

காசியின் போன் முகத்தைப் பார்த்துத் திறக்கிற ரகம். அவன் முகத்துக்கு நேரே பிடித்தான், திறக்கவில்லை. கன்னம் ஒட்டிப் போய், கண் மஞ்சளாகி, புருவம் உதிர்ந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான், ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதுவும் மாட்டேன் என்றுவிட்டது.

"குடு, நம்பரைப் போட்டுத் திறக்கிறேன்" என்று வாங்கினேன். என் முகத்துக்கு எதிரே வந்ததும் டக்கென்று திறந்துகொண்டது.

காசி போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அதுக்கும் நீதான் காசியா?" என்றான் அந்தக் கரகரக் குரலில்.

அக்டோபர் 16

என் உள்ளங்கை அரிக்கிறது. பார்த்தால் ஒன்றும் இல்லை. தேங்காயெண்ணெய் தடவினேன்.

அக்டோபர் 20

தீபாவளி. ஊரே வெடிக்கிறது, எங்கள் ஊரில் கேட்கவா வேண்டும். லீவுக்கு வந்திருக்கும் ஹரிணி காலையில் அப்பாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்தாள். முடி கொத்தாகக் கையோடு வந்தது. அவள் அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனதைப் பார்த்தேன்.

குளிப்பாட்டி உட்கார வைத்தபோது காசியின் பார்வை சரியில்லை. கை தானாக வெட்டி வெட்டி ஆடியது. நான் புது வேட்டியோடு உள்ளே போனேன். என்னை ஏறிட்டுப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"வந்துட்டியா காசி?"

"இவரு உங்க அண்ணங்க. நீங்கதான் காசி" என்றாள் மாரீஸ்வரி.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல என்னிடம் கேட்டான்: "நாலு மாத்திரை போடுறியே காசி, உனக்குக் கை எரியலையாடா?"

வெளியே சரவெடி ஒன்று தொடங்கி முடியவே இல்லை. நான் வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

அக்டோபர் 27

ஏழு நாள் மதுரையில். ஈரல் தளர்ந்தால் மூளை கலங்குமாம். நேற்றிலிருந்து தெளிவு. இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கீழாநெல்லியும் இல்லை. மருந்து இவர் உடம்புல தேங்க வழியில்லைன்னு ரிப்போர்ட் சொல்லுது. அப்ப இது மருந்தால வர்றதில்ல, நோயே முத்துதுன்னுதான் அர்த்தம். ரிப்போர்ட் மட்டும் வேற மாதிரி இருந்திருந்தா முதல் மாசமே பாதியாக்கியிருப்பேன். பதிமூணாம் தேதி வாங்க, ஸ்கேன் எடுப்போம். அதுவரைக்கும் மாத்திரை வேண்டாம். கட்டி வளர்ந்திருந்தா ஒரேயடியா விட்டுடலாம். கடைசிக் காலத்துல அவரை ஏன் எரிக்கணும்?"

"விட்டுட்டா?"

"வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க."

'சரிங்க' என்றேன். சரிங்க என்று எப்படி என் வாயிலிருந்து வந்தது?

அக்டோபர் 31

நாளைக்குப் பக்கம் திரும்ப வேண்டும்.

ஜூலை 28 — நாள்: நவம்பர் 1

மேலே அச்சில் இருப்பதை அடிக்கவில்லை. பக்கத்தில் பேனாவால் சரியான நாளை எழுதிக்கொள்கிறேன். அடித்து எழுதினால் பிழை மறைந்துவிடாது என்று எனக்குத் தெரியாதா?

பழைய ஜூலை 28-ஐப் புரட்டிப் பார்த்தேன். காசி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறான். இன்று அரை இட்லியைப் பாலில் பிசைந்து கொடுத்தாள், வேண்டாம் என்றுவிட்டான்.

ஜூலை 31 — நாள்: நவம்பர் 4

ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கம் ஒரு அடி கிட்டே வருகிறது. டைரியை மூடி வைத்தாலும் நடுவில் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே தோல் இருப்பதால். வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 2 — நாள்: நவம்பர் 6

டாக்டர் ஜீனைப் பற்றிச் சொன்ன நாளின் பக்கம். பழைய பக்கத்தில் காசியின் கேலியை எழுதியிருக்கிறேன். சைக்கிள் அவனுக்கு வந்தது, கோபம் எனக்கு வந்தது. அப்பா ஒருவர்தான். ஆனால் அவரிடமிருந்து அவனுக்கு வந்தது எனக்கு வரவில்லை, எனக்கு வந்தது அவனுக்கு வரவில்லை. அதைத்தானே அவன் சொல்லியிருக்கிறான்! டாக்டர் சிரித்தார். நான் கேட்டுக்கொண்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் கீழே போனேன். மாரீஸ்வரி துணி துவைக்கப் போயிருந்தாள். காசி பக்கத்தில் வரச் சொன்னான்.

"அண்ணே, அன்னிக்கு நான் தூங்கலை."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9 — நாள்: நவம்பர் 13

மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தின் நடுவில் காசியின் கட்டை விரல் தோல் ஒட்டியிருக்கிறது, அதைச் சுற்றி எழுதுகிறேன். காசியையும் மாரீஸ்வரியையும் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 9 அன்று நடந்தது இது.

காசியின் நரம்பு சிஸ்டருக்குச் சிக்கவில்லை. அதற்கு முந்திய வாரங்களில் அத்தனை ஊசி போட்டு இரண்டு கையும் வீங்கியிருந்தது. வலது கையில் இரண்டு தடவை, இடது கையில் மூன்று தடவை குத்தினார்கள். காசி அழுதான். அம்மா சாவுக்கு அழாதவன், தேம்பித் தேம்பி அழுதான். "தண்ணி குடிச்சுட்டு வெளிய உக்காருங்க, மறுபடி கூப்பிடறோம்" என்று அனுப்பினார்கள். மாரீஸ்வரி டீ வாங்கப் போனாள். காசி என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினான். உள்ளே சிஸ்டர் மாறிவிட்டார். புதியவர் வாசலுக்கு வந்து, "காசிலிங்கம்!" என்று கூப்பிட்டார்.

நான் எழுந்து போனேன்.

ஏன் என்றால், ஒரே ரத்தம்தானே என்று நினைத்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் கட்டிங் மெஷினில் காசியின் கை மாட்டியபோது என் ரத்தம்தான் அவனுக்கு ஏறியது. அன்றைக்குச் சேர்ந்தது இன்றைக்குச் சேராதா? அப்பா அம்மாவிடமிருந்து வருவது என்று டாக்டரே சொன்னாரே, எனக்கும் அதே அப்பா அம்மாதானே? ஒரே அச்சுப் பிளேட்டில் ஓடிய இரண்டு காப்பி என்று நினைத்தேன். வயது கேட்டார்கள், அவன் வயதைச் சொன்னேன். கையெழுத்துக் கேட்டார்கள், அவனுடையதைப் போட்டேன். இடது கையை நீட்டினேன். மூன்று குழாய். என் நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது.

அந்த ரிப்போர்ட் என்னுடையது. முழு அளவைத் தாங்குகிற உடம்பு என்னுடையது. என் உடம்புக்கு எழுதின மருந்தை அவன் சாப்பிட்டான்.

செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும். மாரீஸ்வரி படிக்கட்டில் அழுதபோது நிச்சயமாகத் தெரியும். அடுத்தவன் விட்ட ஒற்றைப் பிழையைக்கூட விடாதவன் என்ற பெயர் எனக்கு. என்னுடையதை நூறு நாள் பொத்தி வைத்தேன்.

நேற்று காசியிடம் கேட்டேன், "முழிச்சிருந்தேல்ல, ஏன்டா சொல்லலை?"

"பேரைக் கூப்பிட்டாங்க. நீ எந்திரிச்சுப் போனே. அப்பாடான்னு இருந்துச்சுண்ணே எனக்கு" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு, "அவ அழுதப்ப சொல்லியிருக்கணும். ரெண்டு பேருமே" என்றான்.

டாக்டர் கூப்பிடுகிறார். இந்தப் பக்கத்தைத் திறந்தபடியே அவர் மேஜையில் வைக்கப் போகிறேன். வாயால் சொன்னால் நடுவில் ஏதாவது ஒரு சொல்லை விட்டுவிடுவேன்.

ஆகஸ்ட் 11 — நாள்: நவம்பர் 15

டைரி இன்றுதான் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தை டாக்டர் நகல் எடுத்துக்கொண்டாராம். தோல் இல்லை. மாரீஸ்வரி எடுத்துக்கொண்டாள் என்று ஹரிணி சொன்னாள்.

நேற்று முன்தினம் நடந்ததை எழுதிவிடுகிறேன். டாக்டர் ஸ்கேனை ஏற்கெனவே பார்த்துவிட்டுக் குழம்பிப் போயிருந்தார். கட்டி வளரவில்லை, சுருங்கியிருக்கிறது. மருந்து நன்றாகவே எட்டியிருக்கிறது. கட்டியை மட்டும் இல்லை, மிச்ச ஈரலையும் அதுதான் தின்றிருக்கிறது. அப்போதுதான் டைரியை வைத்தேன். படித்து முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை. பிறகு கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த ஸ்கேனும் இந்தப் பக்கமும் இல்லைன்னா, நோய் முத்திடுச்சுன்னு நினைச்சு மாத்திரையே வேண்டாம்னு எழுதி அனுப்பியிருப்பேன். புரியுதா உங்களுக்கு? ஈரல் தேறட்டும். தேறினா கால் அளவுல ஆரம்பிக்கலாம். தேறுமான்னு எனக்குத் தெரியாது. இப்ப அவர் ரத்தம் வேணும். அவரோடது."

மாரீஸ்வரி அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் கையெழுத்து பழக்கமில்லை.

பிறகு மூவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். வாசலில் சிஸ்டர் வந்து, "காசிலிங்கம்!" என்று கூப்பிட்டார்.

என் கால் எழுந்தது. சத்தியமாக நான் எழ நினைக்கவில்லை. இத்தனை நாள் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லிப் பழகிய உடம்பு தானாக எழுந்து நின்றது. மாரீஸ்வரி என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். அந்த விரல்களின் பலம் இன்னும் வலிக்கிறது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் தட்டில் மாடிக்கு வருகிறது, ஹரிணி கொண்டுவருகிறாள்.

காசி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பாதத்தில் சுற்றிய துணியோடு ஒவ்வொரு அடியாக வைத்துத் தனியாகவே உள்ளே போனான். நான்கு தடவை குத்தினார்களாம். வெளியே சத்தமே வரவில்லை.

இன்று கீழே போய் அவனைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். கை போர்வைக்கு வெளியே கிடந்தது. முழங்கை மடிப்பில், ஊசி இறங்கிய இடத்தில், கத்திரிப்பூ நிறத்தில் கன்றியிருக்கிறது.